மூன்றாவது புளோயர்

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் தலைவலி. தொட்டிக்கு மேலே நடைபாலத்தில் நின்று மாதிரி எடுக்கும்போது வெயில் தலைக்குள் இறங்கிவிட்டது.

சங்கரன்கோவில் ஊரின் கழிவுநீர் எல்லாம் இந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் வந்து சேர்கிறது. முதலில் குப்பையைப் பிடிக்கும் கம்பி வலை. அடுத்து காற்றூட்டும் தொட்டி. அதில் அழுக்கைத் தின்னும் கிருமிகள் இருக்கின்றன. அவை மூச்சுவிட வேண்டும் என்பதற்காக மூன்று புளோயர்கள் அடியிலிருந்து காற்றை ஊதுகின்றன. அப்புறம் படியும் தொட்டி, கடைசியில் குளத்துக்குப் போகும் ஓடை. நடுவில் ஒரு சின்ன அறையில் நான். உள்ளே வரும் தண்ணீரையும் வெளியே போகும் தண்ணீரையும் சோதித்து எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரப்போகிறார்களாம். ஒரு புரோகிராம் போடுவார்களாம். அதுவே பார்த்து, அதுவே முடிவுசெய்து, புளோயர்களை ஓட்டும், நிறுத்துமாம். மேனேஜர் கோமதிநாயகம் சார் காலையில் எல்லோரையும் நிறுத்திச் சொன்னார். பகலில் எல்லோரும் என்றால் ஆபரேட்டர்கள் ரசூல் பாய், சுடலைமணி அண்ணன், பிறகு நான்.

"அப்ப நாங்க என்ன சார் செய்ய?" என்றார் சுடலைமணி அண்ணன்.

"நீ எப்பவும் செய்யதைச் செய்யி. சும்மா இரு."

சிரித்தோம். சிரித்து முடித்தபின் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வந்தவர் பெயர் நிரஞ்சன். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். எல்லா வாக்கியத்துக்கும் 'ங்க' போடுகிறார். சுடலைமணி அண்ணனுக்குக்கூட.

என் இரண்டு வருட எண்களைக் கேட்டார். கொடுத்தேன். பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா நான் எந்த பிளான்ட்லயும் பார்த்ததில்லைங்க. ஞாயித்துக்கிழமைகூட இருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து செய்தவை அவை. சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அது எப்படிப் பழகும் என்று விளக்கினார். யாரும் அதற்கு விதி எழுதித் தருவதில்லையாம். பழைய நாட்களைக் காட்டினால் போதும். இவ்வளவு தண்ணீர் வந்தபோது அழுக்கு இவ்வளவு, காற்று இவ்வளவு போதுமானதாக இருந்தது என்று தானாகவே பிடித்துக்கொள்ளும். எனக்குப் புரிந்தது. நானும் அப்படித்தானே பழகினேன். வீட்டில் கல்லூரியைப் பற்றிச் சொல்லித்தர யார் இருந்தார்கள்? பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை என்ன செய்கிறாள் என்று பார்த்துப் பார்த்து.

ஜூன் 26, வியாழன்

மேனேஜர் அறையில் கூட்டம். நிரஞ்சன் திரையில் எண்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பிழையானவற்றை எடுத்துவிட்டுத்தான் இயந்திரத்துக்குக் காட்ட வேண்டுமாம்.

"இந்த நாட்கள் மட்டும் ஒத்தே வரலைங்க. தண்ணியும் டபுள், அழுக்கும் டபுள். போன வருஷம் ஜூலை இருபது வாக்குல, முந்தின வருஷம் ஜூலை கடைசில. ஒரு பேட்டர்னும் இல்லை. டைப்பிங் மிஸ்டேக்குங்களா?"

பிழை இல்லை. ஆடித்தபசு. கோமதியம்மன் தபசு பார்க்க ஊர் கொள்ளாத கூட்டம் வருமே, அது. நட்சத்திரம் பார்த்து வைப்பதால் தேதி ஒரு வருடம் போல ஒரு வருடம் வராது. அந்த நாட்களில் லாட்ஜ், மண்டபம், அன்னதானக் கூடம் எல்லாம் நிரம்பி வழியும். எல்லாம் எங்களிடம்தான் வரும்.

நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் சார், "எடுத்துருங்க தம்பி, நம்ம பிள்ளை ஏதாவது தப்பா அடிச்சிருக்கும்" என்றார். நிரஞ்சன் மட்டும் என் பக்கம் திரும்பி, "எடுத்துடலாமுங்களா?" என்று கேட்டார்.

"சரி சார்" என்றேன்.

ஏன்? நான் ஒன்றும் தப்பாக அடிக்கவில்லை. அதைச் சொல்ல என்ன தடை? நான் பேச ஆரம்பித்தால் சாரின் முகம் ஜன்னல் பக்கம் போகும். அது போவதைப் பார்ப்பதற்குப் பதில் பேசாமலே இருந்துவிடலாம் என்று இருக்கும். கல்லூரியிலிருந்தே இப்படித்தான். சரி, மூன்று நாலு நாள் எண்கள்தானே.

ஜூலை 2, புதன்

இயந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆகஸ்ட் முடிய சோதனை ஓட்டம். அதுவரை புளோயர் சுவிட்சில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் திரை சிவப்பாகும். கோயம்புத்தூரிலும் தெரியும், எங்கள் தலைமை அலுவலகத்திலும் தெரியும்.

ஜூலை 10, வியாழன்

நன்றாகத்தான் ஓட்டுகிறது. ஒத்துக்கொள்ள வேண்டும்.

ரசூல் பாய்க்கு எப்போதும் இரண்டு புளோயர். அதிகாரிகள் வந்தால் மூன்றையும் போடுவார். "சத்தம் கேட்டாத்தான் வேலை நடக்குன்னு நெனப்பான் மக்கா." காற்று தேவைக்கு மேலே போகிறது, அதனால்தான் கிருமிகள் திரண்ட சேறு சரியாகப் படியவில்லை என்று ஒரு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் காதில் விழும்படி சொன்னேன் என்பது வேறு விஷயம்.

இப்போது மதியத்தில் ஒன்று, காலையில் இரண்டு என்று அதுவே மாற்றுகிறது. கண்ணாடிக் குடுவையில் சேற்றுத்தண்ணீரை நிறுத்தி வைத்தால் அரை மணி நேரத்தில் அழகாகக் கீழே இறங்குகிறது. மேலே தெளிந்த தண்ணீர். நல்ல காப்பிப்பொடி நிறம், மழை பெய்த மண் வாசனை. கரண்டு செலவும் குறைந்திருக்கிறது என்று சார் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

நான் சொல்லி நடக்காததை அது சொல்லாமலே செய்கிறது. பொறாமை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் பெருமைதான். அது படித்தது என் எண்களை.

ஜூலை 15, செவ்வாய்

நிரஞ்சன் வந்திருந்தார். டீ குடிக்கும்போது சந்தோஷமாகத்தான் சொன்னார்: "இனிமே உங்களுக்கு வேலை ரொம்பக் குறைஞ்சிருமுங்க. தினமும் டெஸ்ட் பண்ணத் தேவையே இல்லை. வாரம் ஒரு மாதிரி திருநெல்வேலிக்கு அனுப்பினா போதும். மத்ததை மாடலே கணிச்சுக்கும்."

"அப்ப லேப்?" என்றேன்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது போல. டம்ளரைக் கீழே வைத்தார். "அதை உங்க சார்தாங்க முடிவு பண்ணணும்" என்றார். அதன்பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூலை 16, புதன்

சாரிடம் போய்க் கேட்டேன். கேட்பதற்கு முன் பாத்ரூமில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"இப்ப என்னத்துக்குமா அவசரம்? சோதனை ஓட்டம் முடியட்டும். நல்லா ஓடுச்சுன்னா செப்டம்பர் வரைக்கும் இரு. அதுக்கு மேல லேப் இருக்காது. நீ படிச்ச பிள்ளை, உனக்கு வெளிய கிடைக்கும்."

நல்லா ஓடுச்சுன்னா.

போகப்போவது ரசூல் பாய் என்றும் சுடலைமணி அண்ணன் என்றும் ஒரு மாதமாகப் பாவப்பட்டுக்கொண்டிருந்தேன். பம்பில் துணி அடைத்தால் எடுக்க ஒரு கை வேண்டும். கம்பி வலையில் குப்பை வார ஒரு கை வேண்டும். எண்தான் வேண்டியதில்லை. இரண்டு வருடம் நான் கொடுத்த எண்களே போதுமாம்.

வீட்டில் சொல்லவில்லை. அப்பா தறியிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம், லீவு, பி.எஃப். என்று பேச ஒருத்திதான் இருக்கிறாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் அம்மா யாரிடமோ, "எங்க ஜெபிதா ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்கே இவதான் சொல்லிக் குடுக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செருப்பைத் தேடுவது போல நின்றேன்.

ஜூலை 28, திங்கள்

கோயிலில் கொடியேற்றம். இன்றிலிருந்தே கோயிலை வலம் வந்து ஆடிச்சுற்று சுற்ற வெளியூர் ஆட்கள் வந்துவிட்டார்கள். ரத வீதியில் பஸ் திரும்ப முடியவில்லை. எங்கள் தெருவில் நான்கு வீட்டில் 'குளிக்க, கழிப்பறை வசதி உண்டு' என்று அட்டை தொங்குகிறது. அம்மாவும் எழுதித்தரச் சொன்னாள். முடியாது என்றேன், அவளுக்குக் கோபம்.

மதியம் உள்ளே வரும் தண்ணீர் கூடியது. இயந்திரம் இரண்டாவது புளோயரை நிறுத்தியது. ஏன் நிறுத்தியது?

ஜூலை 30, புதன்

இன்றும் அதேதான். தண்ணீர் கூடினால் காற்றைக் குறைக்கிறது.

நவம்பர் மாத எண்களை எடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. அது பார்த்த இரண்டு வருடத்தில் தண்ணீர் திடீரென்று கூடிய நாட்கள் எல்லாம் மழை நாட்கள். மழைத்தண்ணீர் சாக்கடையில் கலந்தால் அழுக்கு நீர்த்துப்போகும். காற்று குறைவாகப் போதும். அப்படித்தான் நான் எழுதியிருக்கிறேன், அப்படித்தான் அது படித்திருக்கிறது. அதைப் பொறுத்தவரை சங்கரன்கோவிலில் இப்போது மழை பெய்கிறது.

வெளியே வெயில் கொளுத்துகிறது.

மழையில்லாமலும் தண்ணீர் கூடும் என்று அதற்குத் தெரியவேண்டுமானால் தபசு நாட்களைப் பார்த்திருக்க வேண்டும். அவற்றைத்தான் எடுத்தாயிற்றே. சரி சார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஏழாம் தேதி தபசுக்காட்சி. அன்றைக்கு வரும் தண்ணீருக்கு இது ஒரே ஒரு புளோயரை ஓட்டும். கிருமிகள் மூச்சு முட்டிச் சாகும். செத்தால் புதிதாக வளர்ந்து வர ஒரு மாதமாகும். அதுவரை கறுப்புத் தண்ணீர்தான் குளத்துக்குப் போகும்.

சோதனை ஓட்டம் தோற்கும்.

தோற்றால் லேப் இருக்கும். நான் இருப்பேன்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். வழக்கம்போலப் பேசாமல் இருந்தால் போதும். எனக்கு அதில்தானே நல்ல பழக்கம்.

ஆகஸ்ட் 2, சனி

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. என்ன என்று கேட்க? தோற்கட்டும் என்றா?

மதியம் பிளான்டுக்குப் போனேன். சுடலைமணி அண்ணன் வலையில் சிக்கிய துணியை இழுத்துக்கொண்டிருந்தார். சேலையே ஒன்று வந்திருந்தது. "பாரு, ஏட்டி, சுற்று சுத்த வந்தவ சீலையைக் கழட்டி விட்டுட்டுப் போயிருக்கா. வீட்டுக்கு என்னத்தக் கெட்டிட்டுப் போனாளோ!"

சிரித்துவிட்டு, ஏழாம் தேதி யார் ஷிப்ட் என்று கேட்டேன்.

"ரசூல் பாய். நான் லீவு போட்டாச்சு, எங்க மதினி வீட்டு ஆளுக வாராவ. ஏன்?"

"ஒண்ணுமில்லண்ணே. அன்னிக்கு ஏதாவது கோளாறு ஆச்சுன்னா?"

"மெஷினையா கேப்பாங்க? ஷிப்டுல எவன் இருந்தான்னுதான் கேப்பாங்க."

ரசூல் பாய். அதை நான் யோசிக்கவே இல்லை. இரண்டு நாளாக என்னை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சாரிடம் சொன்னேன். இந்தத் தடவை முகம் ஜன்னல் பக்கம் போனபிறகும் நிறுத்தாமல் சொன்னேன்.

"தண்ணி கூடினா மழைன்னு நினைக்கு சார். தபசு அதுக்குத் தெரியாது. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நாமளே ஓட்டுவோம்."

"சோதனை ஓட்டத்துல கை வைக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கோம்மா. மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்காங்க. இம்புட்டு செலவு பண்ணி வச்ச மெஷினுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?" பிறகு குரலை இறக்கி, "லேப் போகுதுன்னு நீ இப்படிச் சொல்லுதியோன்னு நினைப்பாங்க. வேண்டாம்" என்றார்.

நினைப்பாங்களாம். அவரேதான் நினைத்தார். அதில் பாதி உண்மைகூட இருந்தது, நேற்று வரைக்கும். வந்து சோதனைக் குழாய்களைக் கழுவினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நிரஞ்சனுக்கு நானே போன் செய்தேன். ஒரு ஆணுக்கு நானாக போன் செய்வது இதுதான் முதல் தடவை. அதுவும் சாக்கடையைப் பற்றி.

"ஃபெஸ்டிவலுங்களா?" என்றார். "ஐயோ, அதைத்தான் நாம ஒத்து வராத அவுட்லையர்னு எடுத்துட்டோமே. நீங்களும் சரின்னு..." நிறுத்திக்கொண்டார். "இப்ப ரெண்டு நாள்ல மறுபடி ட்ரெயின் பண்ண முடியாதுங்க. எங்க ஆபீஸ்ல சொல்லிப் பார்க்கறேன். ஆனா அப்படி ஒண்ணும் ஆகாதுங்க. ஆக்சிஜன் சென்சார் இருக்கில்ல? குறைஞ்சா அது காட்டிக் கொடுத்துரும்."

சென்சார் இருக்கிறது. ஒன்றே ஒன்று.

ஆகஸ்ட் 7, வியாழன்

உள்ளூர் விடுமுறை. வீட்டில் இருந்திருக்கலாம்.

மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பினேன். அம்மா, "எல்லாரும் கோயில் பக்கம் போறாவ, நீ சாக்கடைக்குப் போற. ஏட்டி, இன்னைக்குமா?" என்றாள். ஊர் முழுக்க ஒரு பக்கம் வந்துகொண்டிருந்தது. நான் எதிர்ப்பக்கம் நடந்தேன். முழங்கையால் இடித்தார்கள், திட்டினார்கள். வண்டி பிடிக்க முடியாது. வியர்த்து, சுடிதார் முதுகில் ஒட்டி, பிளான்ட் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வாசலிலேயே நாற்றம். அழுகிய முட்டை நாற்றம்.

தொட்டி காப்பி நிறத்தில் இல்லை. சாம்பல் கலந்த கறுப்பு. மேலே எண்ணெய் மினுங்கியது. அன்னதானத்துச் சாம்பாரும் கொழுப்பும் அரிசிக் கஞ்சியும். ஒரே ஒரு புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. சென்சாரைத் தூக்கிப் பார்த்தேன்: எண்ணெய்ப் படலம் அப்பி, எப்போதோ காட்டிய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. திரையில் எல்லாம் பச்சை.

ரசூல் பாய் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் மூக்கு இருக்கு மக்கா" என்றார் நான் கேட்காமலே. "காலையில இருந்து சாருக்கு அடிக்கேன், எடுக்கல. நான் தொட்டா நாளைக்கே போகச் சொல்லிருவாங்க. வீட்டுல மூணும் பொம்பளப் பிள்ளை."

"நீங்க தொடாண்டாம் பாய். தள்ளுங்க."

"ஏட்டி, உன் பேருல விழும்."

"விழட்டும். என் வேலை எப்படியும் போகுது. போற வேலைக்கு என்ன பயம்?"

அவர் எழுந்து நாற்காலியை இழுத்துக்கொண்டார். குமிழைத் திருப்பினேன். திரை சிவப்பானது. இரண்டாவது புளோயர் பிடித்தது. மூன்றாவதைப் போட்டபோது தரையே அதிர்ந்தது. அதை ஓட்டியே ஒரு மாதம் இருக்கும்.

உடனே சாருக்கு போன் போட்டேன். இந்தத் தடவை எடுத்தார். பின்னால் நாதஸ்வரச் சத்தம். "சார், மூணு புளோயரையும் நான்தான் போட்டேன். ரசூல் பாய் இல்ல. நான். ஜெபிதா." கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

சென்சாரைத் துடைத்தேன். ரசூல் பாய் டீ வாங்கிவந்தார். இருட்டும் முன் தொட்டியின் நாற்றம் கொஞ்சம் அடங்கியது. தபசு பார்த்தவர்களின் குலவைச் சத்தம் இங்கே வரை கேட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் குடுவையில் சேறு மெதுவாக, ஆனாலும் இறங்கியது. கிருமிகள் பாதிக்கு மேல் பிழைத்துவிட்டன. வெளியே போகும் தண்ணீர் கலங்கல்தான், கறுப்பு இல்லை.

சார் என் அறைக்கே வந்தார். கோபமாக இல்லை, அலுப்பாக இருந்தார். "பாத்தியா, ஒண்ணும் ஆகல. எல்லாம் நார்மலாத்தான் இருக்கு. நீ சும்மா பயந்துபோய் மூணையும் போட்டு ரெக்கார்டைக் கெடுத்துட்ட."

ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். அதற்காகத்தானே போட்டது. நடக்காமல் போனதை எந்தக் குடுவையில் பிடித்துக் காட்டுவது?

உடம்பெல்லாம் வலி. காய்ச்சல் போலவும் இருக்கிறது, இல்லை போலவும் இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

நிரஞ்சன் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். லேப்டாப்பை என் மேஜையில்தான் வைத்தார், சாரின் மேஜையில் அல்ல.

ஏழாம் தேதியை அவர் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறார், என் கை படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. ஆக்சிஜன் கோடு சாயங்காலம் வரை இறங்கி இறங்கி அடியில் போய் ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் எழவே இல்லை.

"அன்னைக்கு நான் உங்களைச் சரியா கேட்டிருக்கணுங்க" என்றார்.

"கேட்டீங்க. நான்தான் சொல்லல."

"இல்லைங்க. எடுத்துடலாமான்னு கேட்டேன். என்ன நாள்னு கேட்கலை."

அதை சாரிடமும் போய்க் காட்டினார். நான் கூடப் போகவில்லை. திரும்பி வந்தவர் முகம் வாடியிருந்தது. சோதனை ஓட்டத்தைத் தோல்வி என்று எழுதவில்லை. செப்டம்பர் முடிய நீட்டித்திருக்கிறார்கள். சார் சொல்லியனுப்பியது: "அப்ப இந்த மாதிரி நாளெல்லாம் என்னென்னன்னு அந்தப் பிள்ளையை மெஷினுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

சொல்லிக் குடுத்துட்டுப் போக.

செப்டம்பர் 9, செவ்வாய்

மூன்று பேரும் உட்கார்ந்து ஊரின் நாட்களைச் சொன்னோம். நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

"நோம்பு மாசம் போடு. சாயங்காலம் கஞ்சிச் சட்டி கழுவுத தண்ணி மொத்தமா வரும்" என்றார் ரசூல் பாய்.

"பெருநாளைக்கு பிரியாணிய விட்டுட்டீரே. நெய் நெய்யா வருமே வே! வலையே வழுக்கும்" என்றார் சுடலைமணி அண்ணன். "ஏட்டி ஜெபிதா, உங்க ஆளுக அசனம் வைப்பீங்கள்லா, அதையும் போடு. ஊரே உக்காந்து சாப்பிடும். போன தடவை நான் மூணு பந்தி உக்காந்தேன்."

"அண்ணே, உங்களுக்குத் தனியா ஒரு வரி போட்டுருதேன்."

ரசூல் பாய் சிரித்து இருமினார். ஆவணி முகூர்த்த நாட்கள். விசைத்தறி மொத்தமாக நிற்கும் பொங்கல் வாரம்; அப்போது தண்ணீர் குறையும். தீபாவளி: விடியும் முன்னே ஊர் முழுக்க எண்ணெய்க் குளியல், எண்ணெயும் சீயக்காயும் நுரையும் ஒரே நேரத்தில். மழையா என்று பார்க்க ஒரு மழைமானியும் வாங்கி வைக்கப் போகிறார்கள். அது நான் கேட்டது.

நடுவில் ஒரு நிமிடம் கை நின்றது. எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? ஒன்றை விட்டுவைத்தால்? ஒரு நாள் தடுமாறினால் கூப்பிடுவார்களே.

கூப்பிடுவார்கள். அன்றைக்கு ஷிப்டில் இவர்களில் ஒருவர் இருப்பார்.

எல்லாவற்றையும் போட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சாவியைக் கொடுத்தேன். குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சார் அனுபவச் சான்றிதழ் தந்தார்; பெயரைச் சரியாக எழுதியிருந்தார். ரசூல் பாய் வீட்டிலிருந்து ஒரு டப்பா வட்டிலப்பம்.

அம்மாவுக்குப் போன வாரமே தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மாடு லீவு எடுக்காது என்பதால் நான் இப்போது வேலை பார்க்கும் பால் குளிரூட்டும் நிலையமும் எடுக்காது. பண்டிகை இல்லாதவள் நான் ஒருத்திதான் என்பதால் காலை முறைக்கு நான். வாசுதேவநல்லூருக்கு முதல் பஸ். உள்ளே டிரைவர், கண்டக்டர், நான், எண்ணெய் தேய்த்த தலையோடு ஒரு போலீஸ்காரர். இங்கே வந்து பத்து நாள். சம்பளம் குறைவு. கொண்டுவரும் பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் போகும்போது ரசூல் பாய் போனில் கூப்பிட்டார். "மக்கா, விடிய முன்னாலயே மூணும் தானா எடுத்துருச்சு. நாங்க யாரும் தொடல. நுரை இங்கன இடுப்பு உசரத்துக்கு நிக்கி, ஆனா நாத்தம் இல்ல. சார் வந்து பாத்துட்டு, மெஷின் கெட்டிக்காரன்லேங்காரு."

"ஆமா பாய்" என்றேன். "ஓடட்டும்."

அவர் பிள்ளைகளை விசாரித்தேன். சிக்னல் போய்விட்டது. மலை மேலே மேகம் இறங்கியிருந்தது. தூங்கிவிட்டேன், கண்டக்டர்தான் எழுப்பினார்.

நிலையத்தில் கேன்களோடு வரிசை நின்றது. மூன்றாவது ஆள் வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, மஞ்சள் தடவிய காலர். தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டர் மிதந்த உயரத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம் ஏறிவிட்டது.

"முந்தி இருந்த பிள்ளை ஒரு வார்த்தை சொல்லாது. நீ வந்த நாள்லருந்து எம் மாடு தண்ணியாக் கறக்குதாக்கும்?"

"மாட்டை ஏன் இழுக்கீங்க அண்ணாச்சி? அது பால்தான் கறக்கு."

வரிசையில் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது.

"நல்ல நாளும் பொழுதுமா வாசல்ல நிக்கவச்சு..."

"இன்னொரு தடவை ஊத்துங்க. நல்லாக் கலக்கிட்டு ஊத்துங்க. உங்க கையாலேயே விடுங்க, உங்க கண்ணாலேயே பாருங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

என் சத்தம் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் பாலை நன்றாகக் கலக்கினார். அப்புறம் கேனைச் சாய்த்தார்.